சூரியன் ஊருக்குப் பொது, ஒப்பந்தம் யாருக்கு?

திருவண்ணாமலை தேரடித் தெருவில், ஒரு டீக்கடைப் பெஞ்சியில், அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தோழர், வெயிலு சும்மாதானே காயுது? காத்து சும்மாதானே அடிக்குது? அதுல எடுக்கிற கரண்டுக்கு எதுக்குக் கோடிக் கோடியா காசு? அந்தக் காசு யாரு வூட்டுக்குப் போவுது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாவு மில்காரர் பதில் சொன்னார்: "கேட்டா, அக்ரிமெண்டு போட்டாச்சு, இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்றாங்க."

ஒருவர் கூலிக்காரர். இன்னொருவர் சொந்தமாக ஒரு மோட்டாரும் ஒரு கூரையும் வைத்திருப்பவர். இருவரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆனால், இந்த நாட்டின் மின்சார அரசியல் முழுவதும் அந்த ஒரு கேள்வியிலும் ஒரு பதிலிலும் அடங்கிக் கிடக்கிறது. இன்று நாம் அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். சூரிய மின்சாரம் வேண்டாம் என்பவர்கள் அல்ல நாம். காற்றாலை கூடாது என்பவர்களும் அல்ல. நிலக்கரிப் புகை யாருடைய நெஞ்சில் முதலில் படிகிறது என்பதை, அனல் மின் நிலையத்தைச் சுற்றிக் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் அறிவார்கள். காற்றையும் வெயிலையும் நம்பி நாடு நடக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம்முடைய கேள்வி வேறு. காற்றும் வெயிலும் பொது. ஆனால் அவற்றுக்கு விலை பேசும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அந்த மேசைக்கு அருகே நமக்கு ஒரு நாற்காலியாவது உண்டா?

விலை பேசும் மேசை

1957 ஜூலை 1ஆம் நாள் தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது. கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டதும், கிணறு கிணறாக மோட்டாருக்கு இணைப்புத் தந்ததும் அந்த வாரியந்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் டில்லியில் நிறைவேறிற்று. அதன் வழியே வாரியம் 2010 நவம்பர் 1ஆம் நாள் உடைக்கப்பட்டு, உற்பத்தி-பகிர்மானக் கழகம் என்றும், தொடரமைப்புக் கழகம் என்றும் ஆயிற்று. 2024இல் அந்தக் கழகமும் பிரிந்து, உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என்று நிற்கிறது. பெயர்ப் பலகை மாறிக்கொண்டே வந்தது. பில் மட்டும் அதே வீட்டுக்கு வந்து கொண்டிருக்கிறது.

மின்சாரத்தின் விலையைக் கழகம் தன்னிச்சையாக உயர்த்த முடியாது. 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் அது மனுப் போட வேண்டும். மனுவை வெளியிட வேண்டும். பொதுமக்கள் சொல்லும் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஆணையம் கட்டண ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று சட்டத்தின் 64ஆவது பிரிவு கூறுகிறது. கழகம் எந்தக் கம்பெனியிடம் என்ன விலைக்கு மின்சாரம் வாங்குகிறது என்பதை முறைப்படுத்தும் அதிகாரத்தை 86ஆவது பிரிவு ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. ஆணையத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் டில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

ஆக, ஏட்டில் நமக்கு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தவர்கள் யார் என்பதைப் பார்ப்போம்.

ஆலை அதிபர்கள் போட்ட வழக்கு

2012 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! 2013 மார்ச்சில் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது: உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் பெரிய ஆலைகளும் நிறுவனங்களும் தங்கள் செலவில் முதலில் 3 சதவீதத்தையும், 2014 ஜனவரி முதல் 6 சதவீதத்தையும் சூரிய மின்சாரமாக வாங்கியாக வேண்டும். வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

நூற்பாலை அதிபர்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் டில்லித் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2014 ஜனவரி 21ஆம் நாள் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வாடிக்கையாளர் எதிர்த்தார்; வாடிக்கையாளர் வென்றார்.

இதே சங்கம் இன்னொரு போரையும் நடத்தியது. நமது மாநிலத்தில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் சோதனையாக நிறுவப்பட்டன. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று காற்று வீசும் இடமெல்லாம் ஆலைக்காரர்கள் சொந்தக் காற்றாலை நட்டார்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை காற்று கொட்டும். மார்கழியிலும் தையிலும் இறக்கை அசையாது. ஆடி மாதக் காற்றில் கிடைக்கும் மின்சாரத்தைக் கழகத்தின் கம்பியில் விட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்பப் பெற்றுக் கொள்ளும் ஏற்பாடு நடந்து வந்தது. வங்கியில் போட்டு எடுப்பது போல. ஆகவே "பேங்கிங்" என்றே அதற்குப் பெயர்.

கழகம் முறையிட்டது: "நீங்கள் எனக்குத் தருவது, எல்லோரிடமும் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் மாதத்தில். என்னிடம் திருப்பிக் கேட்பது, நான் அதிக விலைக்கு வாங்கித் தவிக்கும் மாதத்தில். இந்த வித்தியாசத்தை யார் தாங்குவது?" 2018இல் ஆணையம் புதிய காற்றாலைகளுக்கு அந்த வசதி இல்லை என்று ஆணையிட்டது. நூற்பாலைச் சங்கம் மீண்டும் டில்லிக்குப் போயிற்று. 2021 ஜனவரி 28ஆம் நாள் தீர்ப்பாயம் அந்த ஆணையையும் தள்ளி வைத்தது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஆலைக்காரர்கள் செய்தது எல்லாம் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். சட்டம் தந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தினார்கள். சங்கம் வைத்தார்கள், சந்தா கட்டினார்கள், வக்கீல் வைத்தார்கள், கணக்குப் படித்தார்கள், டில்லிக்குப் போனார்கள். அவர்கள் நலனுக்காக அவர்கள் நின்றார்கள். கழகம் கேட்ட கேள்வி மட்டும் பதிலின்றி அந்தரத்தில் தொங்குகிறது: அந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? ஆலைக்காரர் தாங்கவில்லை என்றால், அது கழகத்தின் நஷ்டக் கணக்கில் ஏறும். நஷ்டக் கணக்கு பிறகு கட்டண மனுவாக நம் வீட்டு வாசலுக்கு வரும். அன்றைக்கு நம் சார்பில் அந்த மன்றத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்?

ஏழு ரூபாய் ஒரு காசு

இப்போது மாவு மில்காரர் சொன்ன அந்த அக்ரிமெண்டுக்கு வருவோம்.

2014 செப்டம்பர் 12ஆம் நாள் ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 7.01 என்று விலை வைத்தது. ஏலம் இல்லை, போட்டி இல்லை. உத்தரவில் உள்ள விலைக்கு யார் வந்தாலும் கழகம் ஒப்பந்தம் போடலாம். ஒப்பந்தக் காலம் 25 ஆண்டு. 2015 ஜூலை 4ஆம் நாள் அதானி குழுமத்தைச் சேர்ந்த ஐந்து கம்பெனிகளோடு 648 மெகாவாட்டுக்குக் கையெழுத்தாயிற்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் தகடுகள் பரப்பப்பட்டன. உலகின் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்று என்று பத்திரிகைகள் 2016இல் படம் போட்டன.

அதே 2015இல் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டார்கள். குறைந்த கேள்வி யூனிட்டுக்கு ரூ. 5.05. அதே வெயில், அதே தகடு, அதே நாடு. இங்கே ஏழு ரூபாய். அங்கே ஐந்து ரூபாய். எதிர்க்கட்சிகள் அன்றே கேட்டன. அன்றைய ஆட்சியாளர்கள் சொன்ன சமாதானம்: "விலை வைத்தது ஆணையம், நாங்கள் அல்ல."

2016 மார்ச்சில் அதே ஆணையம் புதிய ஒப்பந்தங்களுக்கு விலையை ரூ. 5.10 ஆகக் குறைத்தது. 2017இல் நமது கழகமே 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டது. கிடைத்த குறைந்த விலை ரூ. 3.47. அதே ஆண்டு இராஜஸ்தான் பாட்லாவில் நடந்த ஏலத்தில் விலை ரூ. 2.44 வரை இறங்கிற்று.

நேர்மையாகப் பேசுவோம். 2014இல் தகட்டின் விலை அதிகம். 2017இல் அது மளமளவென்று இறங்கிவிட்டது. 2017இன் விலையை வைத்து 2014இன் விலையைப் பழிப்பது முழு நியாயமாகாது. ஆனால், ஒரு பொருளின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்து கொண்டிருப்பது கண்கூடாகத் தெரியும்போது, ஏலமே விடாமல், 25 ஆண்டுக்கு ஒரே விலையில் கையைக் கட்டிக் கொள்வது எந்த வியாபாரியின் புத்தி? ஆரணிப் பட்டு நெசவாளி, நூல் விலை இறங்கிக் கொண்டிருக்கும் பருவத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு நூல் வாங்கி வைப்பாரா? தன் காசு என்றால் வைக்க மாட்டார். ஊரான் வீட்டு நெய்யே என்றால்தான் கை தாராளமாக நீளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆணையம் தன் கணக்கில் சூரியத் தகடு ஆண்டு முழுவதும் சராசரியாக அதன் திறனில் 19 சதவீதம் உழைக்கும் என்று எடுத்துக் கொண்டது. அப்படியானால் 100 மெகாவாட் நிலையம் ஓராண்டில் தருவது ஏறத்தாழ 16 கோடியே 64 லட்சம் யூனிட். ஏழு ரூபாய் ஒரு காசுக்கும் மூன்று ரூபாய் நாற்பத்தேழு காசுக்கும் இடையே வித்தியாசம் மூன்று ரூபாய் ஐம்பத்து நான்கு காசு. பெருக்கினால், ஒவ்வொரு 100 மெகாவாட்டுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59 கோடி ரூபாய். இருபத்தைந்து ஆண்டுக்கு 1,470 கோடிக்கு மேல். ஓர் ஒப்பந்தத்தை அவசரப்பட்டுப் போடுவதற்கும் பொறுத்துப் போடுவதற்கும் இடையேயுள்ள தூரம் இதுதான். "காசு யாரு வூட்டுக்குப் போவுது?" என்று மூட்டை தூக்கும் தோழர் கேட்டாரே, அவருக்கு நாம் தரும் கணக்கும் இதுதான்.

கையெழுத்துக்குப் பின் கண்ணீர் பயன்படாது

"அப்படியானால் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிய வேண்டியதுதானே?" என்று துடிப்புள்ள தோழர்கள் கேட்பார்கள். கிழித்துப் பார்த்தவர்களின் கதையைச் சொல்கிறோம்.

குஜராத்தில் 2010இல் சூரிய மின்சாரத்துக்கு முதல் 12 ஆண்டுக்கு ரூ. 15, அடுத்த 13 ஆண்டுக்கு ரூ. 5 என்று விலை வைத்தார்கள். விலை சரிந்ததும், அந்த மாநில மின்சாரக் கழகம் 2013இல் தன் ஆணையத்திடம் போய், ஒப்பந்த விலையைக் குறைத்துத் தரும்படி கேட்டது. ஆணையம் மறுத்து விட்டது.

ஆந்திராவில் 2019இல் புதிதாக வந்த அரசு, பழைய காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் குழுப் போட்டது. கம்பெனிகளுக்குக் குறைந்த விலையே கொடுத்து வந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்த விலையைக் கொடுத்தாக வேண்டும்.

நமது மாநிலத்திலும் ஒன்று நடந்தது. சூரிய மின்சாரம் வருவதைக் கட்டுப்பாட்டு மையம் அவ்வப்போது நிறுத்தச் சொன்னது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக என்றார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2021 ஆகஸ்டு 2ஆம் நாள் தீர்ப்பாயம், நிறுத்தியது பாதுகாப்புக்காக அல்ல, காசு மிச்சம் பிடிக்கத்தான் என்று கண்டு, ஒப்பந்த விலையில் 75 சதவீதத்தை நஷ்டஈடாகத் தரச் சொன்னது. அதாவது, வாங்காத மின்சாரத்துக்கும் காசு! அந்தக் காசு எங்கிருந்து வரும்? கழகத்தின் பெட்டியில் மரம் காய்க்கிறதா?

ஆகவே தோழர்களே, மை காய்ந்த பிறகு மேசையைத் தட்டுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும். ஆட்சேபம் சொல்ல வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால். விலையை ஆணையம் வைக்கப் போகிறது என்று கலந்தாய்வு அறிக்கை வெளியாகிறதே, கழகம் ஒப்பந்தத்துக்கு அனுமதி கேட்டு மனுப் போடுகிறதே, அந்த நேரம். அந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும்.

மாவு மில்லும் நூற்பாலையும்

கமுதி கதை பெரிய கம்பெனியின் கதை. தேரடித் தெரு மாவு மில்காரரின் கதை வேறு.

2022 ஜூலையில் கழகம் கட்டண மனுப் போட்டது. ஆகஸ்டு 16, 18, 22 ஆகிய நாள்களில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்தது. சிறுதொழில் செய்பவர்களின் நிலைக்கட்டணம் தலைக்கு மேல் போயிற்று. 112 கிலோவாட் இணைப்பு வைத்திருப்பவர் மாதம் ரூ. 3,920 கட்டி வந்தது, 2023க்குள் 17,000 ரூபாயைத் தாண்டிற்று. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது கட்டணம்.

இதோடு இன்னொன்று. தன் பட்டறைக் கூரையில் தன் காசில் தகடு போட்டவரிடம், "நெட்வொர்க் கட்டணம்" என்று யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். கம்பிக்குப் போகும் யூனிட்டுக்கு மட்டும் அல்ல. தன் கூரையில் பிறந்து, தன் மோட்டாரிலேயே செலவாகும் யூனிட்டுக்கும் சேர்த்து. ஒரு பக்கம் "கூரையில் தகடு போடுங்கள்" என்று சுவரொட்டி. மறுபக்கம் போட்டவனிடம் வசூல்!

2023 செப்டம்பர் 25ஆம் நாள் தமிழ்நாடு முழுவதும் சிறு, குறுந்தொழில் கூடங்கள் கதவடைத்தன. கோவை, திருப்பூரில் மட்டும் அல்ல. ஊர் ஊராக மோட்டார்கள் நின்றன. அதன் பின்னர் அரசு, உச்ச நேரக் கட்டணத்தை 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைப்பதாகவும், சிறுதொழில்களின் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாக்குவதாகவும் அறிவித்தது. பாருங்கள்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசியபோது அசையாதது, கதவடைத்த பிறகு அசைந்தது.

ஆனாலும், கழகத்தின் பக்கத்து நியாயத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். விவசாயப் பம்புசெட்டுக்கு இலவசம். செங்கத்திலும் போளூரிலும் கலசபாக்கத்திலும் மணிலா விளைவதே அதனால்தான். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் சலுகை உண்டு. இவற்றின் செலவை ஒரு பகுதி அரசு மானியமாகத் தருகிறது. இன்னொரு பகுதி, பெரிய ஆலைகளும் வியாபார நிறுவனங்களும் கட்டும் கூடுதல் கட்டணத்திலிருந்து வருகிறது. பெரிய ஆலைகள் எல்லாம் சொந்தக் காற்றாலை, சொந்தத் தகடு என்று விலகிக் கொண்டால், அந்தச் சுமையை யார் சுமப்பது? அவர்களும் கம்பியை வேண்டாம் என்பதில்லை. பகலில் சொந்த மின்சாரம், மாலையில் கழகத்தின் மின்சாரம்!

மாலை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். கார்த்திகை தீபம் மலையில் ஏறுவது மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் கமுதியில் ஒரு தகடு கூட ஒரு யூனிட் தராது. ஆனால் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரும் விளக்கு எரிய வேண்டும். ஓட்டல்களில் கிரைண்டர் சுற்ற வேண்டும். பஸ் நிலையம் பகலாக வேண்டும். திருவண்ணாமலையில் ஒரு நாள் நடப்பது, மாநிலம் முழுவதும் நாள்தோறும் நடக்கிறது. சூரியன் சாய்ந்த பிறகுதான் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடுகின்றன. அந்த நேரத்துக்கு நிலக்கரியோ, அணை நீரோ, வெளிச் சந்தையில் வாங்கும் மின்சாரமோ தயாராக நிற்க வேண்டும். நிற்க வைக்கக் காசு வேண்டும். எனவே, பகலில் இரண்டரை ரூபாய்க்குச் சூரிய மின்சாரம் கிடைக்கிறது என்பது பாதி உண்மை; மாலை ஆறு மணிக்கு என்ன விலை என்பது மீதி உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எவர் கணக்கையும், அவர் கழகத்தின் அதிகாரியானாலும் சரி, கம்பெனியின் ஏஜெண்டானாலும் சரி, நாம் நம்பக் கூடாது.

அப்படியானால் நமது நிலை என்ன? இருபது குதிரைத்திறன் மோட்டார் வைத்து, இரண்டு ஆளுக்கு வேலை தரும் மாவு மில்லும், இருபது காற்றாலை வைத்து ஆயிரக்கணக்கான கதிர்கள் ஓட்டும் நூற்பாலையும் ஒரே தராசுத் தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. கம்பியைக் கிடங்காகப் பயன்படுத்துகிற பெரியவர் அதற்குரிய நியாயமான வாடகையைக் கொடுக்கட்டும். தன் கூரையில் விளைந்ததைத் தானே உண்ணுகிற சிறியவரிடம் கையை நீட்டாதீர்கள். இதுதான் நேர் வழி.

சாத்தனூர் சொல்லும் பாடம்

நம் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை நிற்கிறது. 1958இல் கட்டி முடிந்தது. பின்னாளில் அங்கே ஏழரை மெகாவாட் நீர்மின் நிலையமும் அமைந்தது. சிறியதுதான். ஆனால், அந்தத் தண்ணீருக்கு யாரும் நம்மிடம் 25 ஆண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. பொதுப் பணத்தில் கட்டியது; போட்ட முதல் தீர்ந்த பிறகு, ஓட்டும் செலவு மட்டும். அணை நம்முடையது, அதன் மின்சாரம் நம்முடையது.

தண்ணீருக்குப் பொருந்தும் நியாயம் வெயிலுக்குப் பொருந்தாதா? முள்ளக்காட்டில் காற்றாலை நட்டுப் பார்க்கத் தெரிந்த மாநிலம் இது. தகடு போடுவதற்கு நிலமும் கம்பியும் பொறியாளரும் நம்மிடம் இல்லையா? பசுமை எரிசக்திக்கென்றே 2024இல் தனிக் கழகம் அமைத்தாயிற்று. அது கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் குமாஸ்தாவாக இருக்கப் போகிறதா? தானே நிலையம் கட்டி நடத்தும் நிறுவனமாக வளரப் போகிறதா? இந்தக் கேள்வியைக் கோட்டையில் யார் அமர்ந்தாலும் நாம் கேட்டுக் கொண்டே இருப்போம்.

"கழகமே ஒன்றரை லட்சம் கோடிக் கடனில் மூழ்கியிருக்கிறது, முதல் எங்கே?" என்பார்கள். கடன் வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். சொந்தமாக உற்பத்தி செய்யாமல், அதிக விலைக்கு வெளியே வாங்கி விற்றது அந்தக் கடனின் பெரிய காரணங்களில் ஒன்று. நோயை உண்டாக்கியதையே மருந்து என்று நீட்டாதீர்கள்.

நாம் கேட்பது என்ன?

பெரிதாக ஒன்றுமில்லை. ஏலம் இல்லாமல் எந்த நீண்ட கால ஒப்பந்தமும் கூடாது. ஒப்பந்தத்தின் முழு வாசகமும், கையெழுத்துக்கு முன்னால், தமிழில், கூலிக்காரருக்கும் புரியும்படி வெளிவர வேண்டும். பகல் விலையோடு மாலை விலையும் சேர்ந்த கணக்கு அதில் இருக்க வேண்டும். கூரைத் தகடு போட்ட சிறுதொழிலாளியின் மீதுள்ள நெட்வொர்க் கட்டணம் அறவே நீங்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் மூன்று பெரிய நகரங்களோடு நின்று விடாமல், மாவட்டத் தலைநகரங்களுக்கும் வர வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அரிசி ஆலைத் தொழிலாளி அங்கே போய் மூன்று நிமிடம் பேசி வர, ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு போகும். மேஸ்திரியிடம் ஏச்சும் கிடைக்கும். ஆலை அதிபருக்கோ அங்கேயே வக்கீல் இருக்கிறார். கூட்டத்தைத் தொலைவில் வைப்பது, கதவைத் திறந்து வைத்து ஏணியை எடுத்து விடுவது போன்றது.

ஆனால் இது எல்லாம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சேபத்தைத் தபாலில் அனுப்பச் சட்டம் தடுக்கவில்லை. நமது சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும், அடுத்த மனு வெளியாகும்போது, அதை ஒரு மாலை உட்கார்ந்து படிக்கட்டும். புரியாத இடத்தை மின் ஊழியர் சங்கத் தோழரை அழைத்துக் கேட்கட்டும். கம்பத்தில் ஏறுகிற தோழருக்குத் தெரியாத மின்சாரக் கணக்கு இல்லை. விவசாயச் சங்கம், நெசவாளர் சங்கம், சுமைப்பணித் தொழிலாளர் சங்கம் மூன்றும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பட்டும். ஆரணியிலிருந்து ஒன்று, வந்தவாசியிலிருந்து ஒன்று, செய்யாற்றிலிருந்து ஒன்று, திருவண்ணாமலையிலிருந்து ஒன்று. ஆணையத்தின் மேசையில் நூற்பாலைச் சங்கத்தின் மனுவுக்குப் பக்கத்தில் நம்முடைய மனுவும் கிடக்கட்டும். நூற்பாலை அதிபர்களால் இரண்டு முறை டில்லி வரை போய் ஜெயிக்க முடியுமென்றால், அவர்களைவிட எண்ணிக்கையில் ஆயிரம் மடங்கு பெரிய நம்மால் சென்னை வரையாவது போக முடியாதா?

டீக்கடைப் பெஞ்சியில் அன்று நாம் தோழருக்குச் சொன்ன பதிலை இங்கும் சொல்லி முடிக்கிறோம். வெயில் சும்மாதான் காய்கிறது, தோழரே. காற்றும் சும்மாதான் அடிக்கிறது. ஆனால் கையெழுத்து மட்டும் சும்மா விழுவதில்லை. அது விழுவதற்கு முன்னால் நம் குரல் விழ வேண்டும். விழுந்த பிறகு, நம்முடைய பேரன் கட்டும் பில்லில்தான் அதைப் படிக்க முடியும்!